கிரியேட்டினின் 1.1, அறிக்கையில் ‘நார்மல்’: மாதவிடாய் நிற்கும் வயதில் சிறுநீரகத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது. வயது 49. ஓராண்டாக மாதவிடாய் முறை தவறி வருகிறது. சில மாதங்களில் ரத்தப்போக்கு மிக அதிகம். மூன்று ஆண்டுகளில் எடை 7 கிலோ கூடியிருக்கிறது, இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ. ரத்த அழுத்தம் 138/88. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 சதவீதம். கிரியேட்டினின் 1.1, அறிக்கையில் அதற்கு நேரே ‘நார்மல்’ என்று இருக்கிறது. இரண்டாவது பிரசவத்தின்போது ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் போயிருந்தது. இவற்றுக்கெல்லாம் மெனோபாஸ்தான் காரணமா? சிறுநீரகத்துக்கு ஆபத்து உண்டா? ஹார்மோன் எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமா?

முதலில் நேரடியான பதில். மெனோபாஸ் இதில் ஒரு பங்காளி. முழுப் பொறுப்பும் அதன் தலையில் விழாது. சிறுநீரக நோய் இருக்கிறது என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் முடியாது, ஏனெனில் அதைத் தீர்மானிக்கும் இரண்டு பரிசோதனைகளில் ஒன்று செய்யப்படவே இல்லை. ஹார்மோன் சிகிச்சைக்கு நல்ல பயன்கள் உண்டு, ஆனால் சிறுநீரகத்தைக் காப்பதற்காக அதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

என்னை உறுத்துவது அந்த ‘நார்மல்’ என்ற சொல். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ளவருக்கு அது இயல்பாகவே அதிகம் இருக்கும், குறைவாக உள்ளவருக்குக் குறைவாக இருக்கும். சராசரிப் பெண்ணுக்குச் சராசரி ஆணைவிடத் தசை குறைவு. ஆனால் பல ஆய்வகங்கள் இருபாலருக்கும் ஒரே வரம்பை அச்சிட்டு, 1.2 அல்லது 1.3 வரை எல்லாம் சரி என்று விட்டுவிடுகின்றன. கிரியேட்டினினுடன் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று கணக்கிட வேண்டும். அதற்குப் பெயர் இ.ஜி.எஃப்.ஆர். இன்று பெரும்பாலும் பயன்படும் 2021ஆம் ஆண்டின் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 49 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.1 என்றால் வடிகட்டும் திறன் சுமார் 82. அதே வயதுப் பெண்ணுக்கு அதே 1.1 என்றால் சுமார் 62. இன்னும் சற்று மேலே போய், 55 வயதுப் பெண்ணுக்கு 1.2 என்று வந்தால் 53 அல்லது 54. மூன்று மாதங்களுக்கு மேல் அப்படியே நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை. அறிக்கையோ அப்போதும் ‘நார்மல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

62 என்றதும் பதற வேண்டாம். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல, திறன் 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது சிறுநீரகம் சேதமடைந்ததற்கு வேறு அடையாளம், குறிப்பாகச் சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம், அதே காலம் தொடர்ந்து இருக்க வேண்டும். 62 மட்டும் தனியாக நின்றால் அது நோய் ஆகாது. பரிசோதனைக்கு முந்தைய இரவு நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலோ, உடலில் நீர் வற்றியிருந்தாலோ, கிரியேட்டின் கலந்த ஊட்டப் பொடி எடுத்திருந்தாலோ எண் மோசமாகத் தெரியும். அதனால் முதல் வேலை, பழைய அறிக்கைகளைத் தேடி எடுப்பது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பும் 1.0, 1.1 என்றே இருந்திருந்தால் அது உங்கள் உடல்வாகாகவே இருக்கலாம். 44 வயதில் 0.7 என்று இருந்து இப்போது 1.1 என்றால் கதையே வேறு: அன்று 109ஆக இருந்த திறன் இன்று 62க்கு வந்திருக்கிறது. நாற்பதுக்கு மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி குறைவது வயதின் கணக்கு. ஐந்து ஆண்டுகளில் 47 புள்ளி குறைவதற்கு வயது காரணமாகாது.

இதே கணக்கு எதிர்ப்பக்கத்திலும் ஏமாற்றும். மாதவிடாய் நிற்கும் ஆண்டுகளில் தசை குறையத் தொடங்குகிறது. தசை கரைந்தால் கிரியேட்டினின் உற்பத்தியும் குறையும். சிறுநீரகம் மெல்லப் பழுதடைந்தாலும் எண் அசையாமல் நின்று காட்டும். மெலிந்த, உடலுழைப்பு இல்லாத பெண்களிடம் இதை எதிர்பார்த்தே அறிக்கையைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்னும் ரத்தப் பரிசோதனை உதவும். அது தசையின் அளவைச் சார்ந்ததல்ல. உடற்பருமன், தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து ஆகியவை அதையும் சற்றுத் திரிக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதே துல்லியம். சிறுநீரக மருத்துவத்துக்கான உலக வழிகாட்டிகளை வெளியிடும் ‘கேடிகோ’ அமைப்பும் 2024இல் அதைத்தான் சொல்கிறது.

செய்யப்படாமல் விட்ட பரிசோதனைக்கு வருகிறேன். சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின் விகிதம். சுருக்கமாக ஏ.சி.ஆர். ஒரு சிறு குப்பி சிறுநீர் போதும், ஊசி கிடையாது, அதிகச் செலவும் இல்லை. இருந்தும் ரத்தப் பரிசோதனைகள் எடுக்கப்படும் எண்ணிக்கைக்கும் இது எடுக்கப்படும் எண்ணிக்கைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் ஆல்புமின் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300க்கு மேல் கடுமையான கசிவு. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் ‘புரதம் இல்லை’ என்று வருவதை நம்பி இருந்துவிடக் கூடாது. அதில் பயன்படும் காகிதப் பட்டை முதல் கட்டத்தின் சிறு கசிவைக் காட்டாமல் விட்டுவிடும். வடிகட்டும் திறன் 90க்கு மேல் இருக்கும்போதே ஆல்புமின் கசியத் தொடங்கலாம். பிற்காலத்தில் சிறுநீரகம் மட்டுமல்லாமல் இதயம் பழுதாகும் வாய்ப்பையும் அது முன்கூட்டிச் சொல்லும்.

இந்த வயதுக்கே உரிய ஒரு சிக்கல் இதில் உண்டு. மாதவிடாய் எப்போது வரும் என்று தெரியாத காலத்தில் சிறுநீர் மாதிரியில் ரத்தம் கலந்துவிட்டால் ஆல்புமின் பொய்யாக ஏறும். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், முந்தைய நாளின் கடும் உடற்பயிற்சி ஆகியவையும் ஏற்றிவிடும். போக்கு முற்றிலும் நின்று சில நாள் கழித்து, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுங்கள். ஒரு முறை 30க்கு மேல் வந்தால் முடிவு செய்துவிட வேண்டாம். மூன்று மாத இடைவெளியில் மறுபடி பார்த்து, அப்போதும் அதிகமாக இருந்தால்தான் அதற்குப் பொருள்.

ரத்தப்போக்கு சர்க்கரைக் கணக்கையும் குழப்பும். மூன்று மாதச் சராசரி 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 5.7 முதல் 6.4 வரை அந்த வகை. ஆனால் அதிகப் போக்கால் இரும்புச்சத்து குறைந்திருந்தால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அண்மையில் நிறைய ரத்தம் போய்ப் புதிய சிவப்பணுக்கள் மிகுந்திருந்தாலோ, இரும்பு மாத்திரை தொடங்கியிருந்தாலோ குறைவாகக் காட்டும். ஆகவே ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

இனி, மெனோபாஸ் உண்மையில் என்ன செய்கிறது என்பது. 1996இல் அமெரிக்காவில் தொடங்கி, பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்துவரும் ‘ஸ்வான்’ ஆய்வு இதில் பெரிய தெளிவைத் தந்தது. எடை, வயதோடு ஏறும் அதே வேகத்தில்தான் ஏறுகிறது. மாதவிடாய் மாறும் காலத்தில் அது தனியாகப் பாய்ச்சல் எடுப்பதில்லை. மாறுவது எடைக்குள் இருக்கும் கலவை. மாற்றக் காலம் தொடங்கியதும் கொழுப்பு சேரும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, அதே நேரத்தில் தசை குறையத் தொடங்குகிறது. கடைசி மாதவிடாய்க்குப் பின் இரண்டு ஆண்டுகள் வரை இது தொடர்கிறது. அதுவரை தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கு அடியில் தங்கிய கொழுப்பு, வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றித் தங்க ஆரம்பிக்கிறது. எடைக் கருவிக்கு இது தெரியாது, அளவுநாடாவுக்குத் தெரியும். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வகுத்த எல்லை. 92 என்பது அதை வெகுவாகத் தாண்டிய எண்.

கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள் சட்டென்று ஏறுவதையும் அதே ஆய்வு காட்டியது. ‘சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை, பிறகு எப்படி ஏறியது?’ என்று கேட்கும் பெண்களுக்கு விடை இதில் இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. யூரிக் அமிலமும் ஏறும், ஏனெனில் அதைச் சிறுநீர் வழியே வெளியேற்ற, மெனோபாஸில் குறைந்துபோகும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் துணை செய்துவந்தது. உப்புக்கு ரத்த அழுத்தம் எகிறும் தன்மையும் கூடுகிறது. இருபது வயதில் எவ்வளவு உப்பு தின்றும் 110/70 என்று இருந்தவருக்கு, ஐம்பதில் அதே உப்பு 138/88 ஆகிறது.

இவையெல்லாம் சிறுநீரகத்தில் வந்து சேரும் வழி ஒன்றுதான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. உடல் பருத்தாலும் நெஃப்ரான்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. இருப்பவையே கூடுதல் அழுத்தத்தில் கூடுதலாக வடிகட்டுகின்றன. வயிற்றுக் கொழுப்பு இன்சுலினைச் செயல்பட விடாமல் தடுக்கிறது. உடல் அதை ஈடுகட்ட இன்சுலினை மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. வடிகட்டியின் சுவரைத் தாங்கும் போடோசைட் செல்கள் இழுபட்டு உதிர, ஆல்புமின் கசிகிறது. அந்தச் செல்கள் எளிதில் மறுபடி முளைப்பதில்லை. இந்தத் தொடக்கக் கட்டத்தில் இ.ஜி.எஃப்.ஆர். நன்றாக, சில சமயம் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும் என்பதுதான் வேடிக்கை. கஷ்டப்பட்டு வேலை செய்வதை ஆரோக்கியம் என்று எண்ணிவிடுகிறோம்.

ஈஸ்ட்ரோஜனுக்குச் சிறுநீரகத்தில் நேரடிப் பங்கும் உண்டா? உண்டு என்றுதான் சோதனைக்கூடச் சான்றுகள் சொல்கின்றன. சிறுநீரகச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை அது கூட்டுகிறது, தழும்பு உண்டாக்கும் புரதங்களை அடக்குகிறது. மனிதர்களிடம் இதை வயதிலிருந்து பிரித்துக் காட்டுவது கடினம், ஏனெனில் மாதவிடாய் நிற்கும்போது வயதும் கூடத்தான் செய்கிறது. பிரித்துப் பார்க்க வாய்ப்பளித்தவர்கள், கருமுட்டையும் ஈஸ்ட்ரோஜனும் உருவாகும் சூலகங்கள் இரண்டையும் இளம் வயதிலேயே அறுவை சிகிச்சையில் இழந்த பெண்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட முடிவில், அதே வயதுடைய மற்றப் பெண்களைவிட அவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் கூடுதலாக வந்திருந்தது. எனவே 40 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்களும், சூலகங்கள் இரண்டையும் எடுத்துவிட்டவர்களும் சிறுநீரகத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மறுதலையும் உண்மை: சிறுநீரகம் மோசமாகப் பழுதான பெண்களுக்கு மாதவிடாய் சில ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுகிறது.

கேள்வியில் கடைசியில் வந்த ஒரு வரியை நான் முதல் வரியாக வைத்திருப்பேன்: பிரசவத்தின்போது ஏறிய ரத்த அழுத்தமும் சிறுநீரில் போன புரதமும். அதற்குப் பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா. பிரசவம் முடிந்ததும் அடங்கிவிட்டது என்று குறிப்பேட்டை மூடிவிடுகிறார்கள். நார்வேயில் 1967க்கும் 1991க்கும் இடையே முதல் குழந்தை பெற்ற சுமார் 5,70,000 பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, முதல் கர்ப்பத்தில் ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று கண்டது. மடங்கைக் கேட்டு மிரள வேண்டாம். அந்த நிலைக்குப் போனவர்களின் எண்ணிக்கை இரு பிரிவிலும் மிகச் சிறியதே. ஆனாலும் ஐம்பதை நெருங்கும் பெண்ணிடம் மருத்துவர் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை, பி.சி.ஓ.எஸ். எனப்படும் சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை ஆகியவற்றின் வரலாறு இருந்தால் அதையும்.

அறிகுறிகளை நம்பி இருக்க முடியாதா என்றால், முடியாது. சிறுநீரகம் பாதிக்கு மேல் திறன் இழந்த பிறகும் வலி கிடையாது. வரும் சில அறிகுறிகளோ சோர்வு, தூக்கமின்மை, இரவில் பலமுறை சிறுநீர் போவது, கால் வீக்கம், தோல் வறட்சி, அரிப்பு. இந்தப் பட்டியலைப் படித்தால் மெனோபாஸ் அறிகுறிகளின் பட்டியல் போலவே இருக்கும். ‘இந்த வயசுல இப்படித்தான்’ என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனையோ பெண்களின் சிறுநீரகமும் தைராய்டும் ரத்தசோகையும் கண்டுபிடிக்கப்படாமல் போகின்றன. உலக அளவில் நாள்பட்ட சிறுநீரக நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். டயாலிசிஸ் படுக்கைகளில் அதிகம் இருப்பவர்களோ ஆண்கள். பெண்களுக்கு நோய் மெதுவாக முற்றுகிறது என்பது ஒரு பகுதி விளக்கம். சிகிச்சை அவர்களை எட்டுவதில்லை என்பது மறுபகுதி. 2018இல் உலகச் சிறுநீரக தினமும் உலக மகளிர் தினமும் மார்ச் 8 என்ற ஒரே நாளில் வந்தபோது, பெண்களின் சிறுநீரக நலமே அந்த ஆண்டின் பொருளாக இருந்தது.

தூக்கத்தைப் பற்றி ஒரு சொல். குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களிடம் கூடுகின்றன. ரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்காமல் போவதற்கு இது ஒரு மறைந்த காரணம். இரவு வியர்வையால் விழிப்பு வருகிறதா, மூச்சு முட்டி விழிப்பு வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி இரண்டு மிகையான கருத்துகள் உலவுகின்றன: அது விஷம் என்பது ஒன்று, இளமையை மீட்கும் மருந்து என்பது இன்னொன்று. முதல் பயம் 2002இல் அமெரிக்காவின் ‘மகளிர் நல முன்முயற்சி’ ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பகுதி பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து வந்தது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பது அப்போது செய்திகளில் எடுபடவில்லை. இன்றைய கருத்து: 60 வயதுக்குக் கீழ், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள், தடைக் காரணங்கள் இல்லாதவருக்கு, உடல் தகிப்பும் தூக்கக் கெடுதலும் தாங்க முடியாமல் இருந்தால் பயன் பெரும்பாலும் ஆபத்தைவிட அதிகம். அந்த ஆய்வில் ஹார்மோன் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் சற்றுக் குறைவாகவே வந்தது. இருந்தாலும் நாள்பட்ட நோய்களைத் தடுப்பதற்கென்றே ஹார்மோன் கொடுக்க வேண்டாம் என்பதே வழிகாட்டிகளின் நிலை. சிறுநீரகமோ ரத்த அழுத்தமோ கேள்விக்குறியாக இருந்தால், எந்த வடிவில் எடுக்கிறோம் என்பது முக்கியம். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலைக் கடக்கிறது. அங்கே ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் முன்னோடிப் புரதத்தையும் ட்ரைகிளிசரைடையும் ரத்தம் உறையும் தன்மையையும் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையும் தடவும் ஜெல்லும் அந்தச் சுற்றைத் தவிர்த்துவிடுகின்றன. உங்கள் நிலையில் ஒருவருக்கு மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் கொடுக்க முடிவு செய்தால், பட்டையோ ஜெல்லோ முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. தகிப்புக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகளிலும் கவனம் வேண்டும்: காபாபென்டின் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் திறன் குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், வென்லாஃபாக்சின் சிலருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள் என்று சொல்லத்தக்கவை வேறு. ஆல்புமின் கசிவு உறுதியானால் முதலில் வருவது ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகை ரத்த அழுத்த மருந்துகள். தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறும். 30 சதவீதம் வரை ஏற்றம் எதிர்பார்த்ததுதான், அதைக் கண்டு நிறுத்திவிடக் கூடாது. பொட்டாசியத்தையும் உடன் பார்க்க வேண்டும். இந்த வயதில் எளிதாக மறந்துபோகும் ஓர் எச்சரிக்கை: இவை கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடானவை. மாதவிடாய் தள்ளிப்போவதாலேயே கர்ப்பம் வராது என்று அர்த்தமில்லை. தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். அதுவரை கருத்தடை தேவை.

அடுத்து வந்தவை டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்றவை. சர்க்கரை நோய்க்கென்று பிறந்தவை. 2020இல் வெளியான டாபா சிகேடி ஆய்வுக்குப் பிறகு சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பயன்படுகின்றன. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதால் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு கூடும். மெனோபாஸுக்குப் பின் வறண்ட திசுக்களில் அந்த எரிச்சல் இன்னும் தொல்லை தரும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மருந்தையே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. சொன்னால் எளிய சிகிச்சை இருக்கிறது. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் சேர்ந்தவர்களுக்கு ஃபினெரினோன், செமாக்ளுடைடு இரண்டும் பலன் தருவதாக நிரூபணமாகியிருக்கிறது. செமாக்ளுடைடு சிறுநீரகக் கேடுகளை 24 சதவீதம் குறைத்ததாக 2024இல் வந்த ஃப்ளோ ஆய்வு சொன்னது. எடை குறைப்புக்காக இதை எடுப்பவர்கள் கொழுப்போடு தசையையும் இழக்கிறார்கள் என்பதை இந்த வயதுப் பெண்கள் நினைவில் வைக்க வேண்டும். உங்களைப் போல சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை இப்போது தேவைப்படாது. 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்ற இலக்குகளோடு வாழ்ந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்த பெண்களிடம் மட்டும் இரண்டும் ஏறக்குறைய சமமாக வேலை செய்தன.

உணவில் ஒரு முரண்பாடு இருக்கிறது, அதை யாரும் நேராகச் சொல்வதில்லை. மெனோபாஸ் காலத்துக்கு ஆலோசனை சொல்பவர்கள் தசையைக் காக்கப் புரதத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். சிறுநீரக வழிகாட்டிகளோ திறன் 60க்குக் கீழே போனவர்கள் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதத்தோடு நிற்கச் சொல்கின்றன. நோய் முற்றும் அபாயம் உள்ளவர்கள் 1.3 கிராமைத் தாண்டக் கூடாது என்கின்றன. என் கருத்து: ஏ.சி.ஆர். தெரியாமல் புரதப் பொடி டப்பாவைத் திறக்காதீர்கள். அது சரியாக இருந்து திறனும் 60க்கு மேல் என்றால் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் அளவு யாருக்கும் தீங்கு செய்யப்போவதில்லை. தசை வளர்வதற்குப் புரதத்தைவிட முக்கியம் எடை தூக்கும் பயிற்சி, வாரத்தில் இரண்டு நாளாவது. நடை மட்டும் தசையைக் காக்காது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஆனால் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகத் திறன் குறைந்து, மேலே சொன்ன ரத்த அழுத்த மருந்தும் எடுப்பவருக்கு அது ஆபத்தாக முடியலாம்.

இந்த வயதில் முழங்கால் வலி கூடவே வரும், வலி நிவாரணியும் கூடவே வரும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சுருக்குபவை. ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை இரண்டோடு இவை மூன்றாவதாகச் சேர்ந்தால், வாந்தி பேதியில் நீர் வற்றும் ஒரு நாளில் சிறுநீரகம் திடீரென நின்றுவிடலாம். பாரசிட்டமாலும் தொடை தசைப் பயிற்சியும் மேல் பூசும் மருந்தும் முதலில் போதும். எடை குறைப்பு மூலிகைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் ஓர் எடை குறைப்பு மையத்தில் மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. மாத்திரையில் தவறுதலாகக் கலந்திருந்தது அரிஸ்டோலோக்கியா இனத் தாவரம். ஆடுதீண்டாப்பாளை அதே இனத்தைச் சேர்ந்தது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எந்தப் பொடியும் சிறுநீரகத்துக்கு ஒரு சூதாட்டம்.

எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கொரு முறை போடும் சோலெட்ரோனிக் அமில ஊசியை, கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் திறன் 35க்குக் கீழே இருந்தால் போடக் கூடாது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருபவர்களுக்கு, மெனோபாஸுக்குப் பின் பிறப்புறுப்பில் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் தொற்றைக் குறைக்கிறது. மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் விழுங்குவதைவிட அது மேல்.

இப்போது செய்ய வேண்டியவை: ஏ.சி.ஆர்., ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், கொழுப்பு, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மூன்று மாதம் கழித்து மறுபடி கிரியேட்டினின், முடிந்தால் சிஸ்டாட்டின் சி. வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் ரத்த அழுத்தம் குறித்துவையுங்கள். ஏ.சி.ஆர். 30க்குக் கீழும் திறன் 60க்கு மேலும் இருந்தால் ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும். ஏ.சி.ஆர். 300ஐத் தாண்டினாலோ, திறன் 30க்குக் கீழே போனாலோ, ஆண்டுக்கு 5 புள்ளிக்கு மேல் தொடர்ந்து சரிந்தாலோ சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு உள்ளாடையில் ரத்தம் தெரிந்தால் அது பிறப்புறுப்பிலிருந்தா, சிறுநீரிலிருந்தா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே உடனே ஆராய வேண்டியவை. வலியில்லாமல் சிறுநீரில் வரும் ரத்தத்தைத் தொற்று என்று கருதி மாத்திரை கொடுத்து அனுப்புவதால், பெண்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது.